வாய்தா இல்லாத கோர்ட்

எனக்கு ஒரு வக்கீல் நண்பர் உண்டு. நாற்பது வருஷம் கறுப்புக் கோட்டுப் போட்டவர். இப்போது ஓய்வாக இருக்கிறார். ஓய்வு கோட்டுக்குத்தான், வாய்க்கு அல்ல. சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் வீட்டுக்கு வந்தபோது, நானும் என் பேரனும் பழைய அமெரிக்க டெலிவிஷன் தொடர் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வக்கீலும் உட்கார்ந்தார். ஒளியை மிஞ்சி ஓடும் விண்வெளிக் கப்பலை ஆட்சேபணை இல்லாமல் ஒப்புக்கொண்டார். மனிதனைப் போலவே செய்யப்பட்ட ஓர் இயந்திரம் நாலு பேரோடு உட்கார்ந்து சீட்டாடியதையும் ஒப்புக்கொண்டார். ஆனால் அந்த இயந்திரத்தைப் பற்றி ஒரு விசாரணை ஆரம்பித்ததும் நாற்காலியில் நிமிர்ந்தார். பத்து நிமிஷத்தில் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"இது எந்த ஊர் கோர்ட்டு, ஓய்? ஜட்ஜம்மாவுக்கும் ஒரு தரப்பு வக்கீலுக்கும் பழைய காதல். இன்னொரு தரப்பு வக்கீல் எதிராளிக்கு உயிர்ச் சிநேகிதன். கோர்ட்டா இது, கல்யாண வீடா?"

பேரனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "அது இருபத்து நான்காம் நூற்றாண்டு, தாத்தா. அதற்குள் சட்டம் மாறியிருக்கும்" என்றான்.

விஞ்ஞானக் கதைகளில் வரும் கோர்ட்டுக் காட்சிகளை நம்ப முடிகிறதா என்ற விவாதம் எங்கே நடந்தாலும் இந்த இரண்டு கட்சிகளைத்தான் கேட்கிறேன். ஒன்று, "கோர்ட்டில் இப்படி நடக்காது" என்னும் வக்கீல் கட்சி. மற்றொன்று, "எதிர்காலத்தில் எப்படியும் நடக்கலாம்" என்னும் பேரன் கட்சி. எனக்கு இரண்டோடும் சண்டை.

பேரன் கட்சியை முதலில் தள்ளிவிடுகிறேன். எதிர்காலம் என்று சொல்லிவிட்டால் எதுவும் செல்லும் என்பது சோம்பேறியின் வாதம். எதுவும் செல்லுமானால் அந்த இயந்திர மனிதன் ஜெயித்தால் என்ன, தோற்றால் என்ன? தவிர, அங்கே சட்டம் மாறியிருக்கிறது என்று யார் சொன்னது? 1967 பிப்ரவரியில் ஒளிபரப்பான 'ஸ்டார் ட்ரெக்' கதை ஒன்றின் பெயரே 'கோர்ட் மார்ஷல்'. அதில் சாட்சி பைபிளுக்குப் பதிலாக ஒளிவிடும் தட்டு ஒன்றின்மேல் கை வைக்கிறான். தலைவர் சுத்தியலால் தட்டாமல் மணி அடிக்கிறார். மற்றபடி ஆட்சேபணை, குறுக்கு விசாரணை, கடைசியில் ஒரு வீரப் பிரசங்கம் எல்லாம் அப்படியே. நட்சத்திரங்களைத் தாண்டிய கற்பனை, அமெரிக்க ஜில்லாக் கோர்ட்டின் வாசற்படியைத் தாண்டவில்லை.

வக்கீல் கட்சி இதைவிட வலுவானது. அதோடு நின்று மல்லுக்கட்ட வேண்டும்.

மேலே சொன்ன 'கோர்ட் மார்ஷல்' கதையையே எடுத்துக்கொள்கிறேன். கப்பல் தலைவன் கிர்க்மேல் குற்றச்சாட்டு. கப்பலோடு இணைந்திருந்த ஒரு சிறு கலத்துக்குள் ஃபின்னி என்ற அதிகாரி வேலையாக இருந்தபோது, ஆபத்து முற்றுமுன்பே கிர்க் அந்தக் கலத்தைக் கழற்றி விண்வெளியில் விட்டுவிட்டார்; ஃபின்னி செத்துப்போனார் என்கிறார்கள். கிர்க் மறுக்கிறார். ஆனால் கப்பலின் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் பதிவில் அவர் விரல் பொத்தானை அழுத்துவது தெளிவாகத் தெரிகிறது. என் நண்பர் இதைப் பார்த்தால் இன்னும் அதிகமாகச் சிரிப்பார். பூர்வாங்க விசாரணை செய்து, 'பேசாமல் ஒதுங்கிப் போய்விடு' என்று கிர்க்கிடம் பேரம் பேசிப் பார்த்து, அது பலிக்காமல் வழக்குப் போட்ட அதே மேலதிகாரிதான் நீதிபதியாகவும் வந்து உட்காருகிறார். அரசாங்கத் தரப்பில் ஆஜராகும் பெண் கிர்க்கின் பழைய காதலி. எதிர்த்தரப்புக்கு வக்கீலைச் சிபாரிசு செய்வதும் அவளே. நடைமுறைச் சட்டத்தின் கண்ணில் இது முழுக் கூத்து. ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அந்த எதிர்த்தரப்பு வக்கீல் காக்லி இருக்கிறாரே, அவர் கம்ப்யூட்டரைத் தொடமாட்டார். கட்சிக்காரரின் அறை முழுக்கப் பழைய சட்டப் புஸ்தகங்களை அடுக்கிவைப்பார். அவர் எழுந்து ஒரு கேள்வி கேட்கிறார். குற்றம் சாட்டுகிறவனை நேருக்கு நேர் நின்று விசாரிக்கக் குற்றவாளிக்கு உரிமை உண்டு. இங்கே குற்றம் சாட்டுவது ஒரு யந்திரம். அதை யார் குறுக்கு விசாரணை செய்வது? இதை வீர வசனம் என்று தள்ளிவிடலாம். 1967இல் தள்ளியும் இருப்பார்கள்.

இங்கிலாந்தின் தபால் இலாகா 1999 முதல் தன் கிளைகளில் 'ஹொரைசன்' என்ற கம்ப்யூட்டர் கணக்கு முறையைக் கொண்டுவந்தது. கணக்கில் பணம் குறைந்தது. கம்ப்யூட்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று கிளைகளை நடத்தியவர்கள்மேல் வழக்குப் போட்டார்கள். அதற்கு முன்பெல்லாம் கம்ப்யூட்டர் பதிவைச் சாட்சியமாகக் கொண்டுவருகிறவர்கள், யந்திரம் ஒழுங்காக வேலை செய்தது என்று காட்ட வேண்டியிருந்தது. 1999இல் நிறைவேறிய ஒரு சட்டம் அந்த விதியையும் எடுத்துவிட்டது. 2015 வரைக்கும் 900க்கு மேற்பட்டவர்கள் தண்டிக்கப்பட்டார்கள். சிலர் சிறைக்குப் போனார்கள். வீட்டை விற்றார்கள். ஊரில் தலைகாட்ட முடியாமல் போனார்கள். 'உங்களைத் தவிர வேறு யாருக்கும் இந்தக் கோளாறு இல்லையே' என்ற பதிலைக் கேட்டவர்கள் அவர்களில் பலர். பிழை யந்திரத்தில் இருந்தது என்று ஹைக்கோர்ட் சொன்னது 2019இல். அப்பீல் கோர்ட் 2021 ஏப்ரலில் ஒரே நாளில் 39 பேருடைய தண்டனையை ரத்து செய்தது. மிச்சம் இருந்தவர்களுக்காக 2024இல் பார்லிமெண்டே தனிச் சட்டம் போட வேண்டி வந்தது. அந்தச் சட்டத்துக்கு அவசரம் வந்ததே, அவ்வருஷம் ஜனவரியில் இதை ஒரு டெலிவிஷன் நாடகமாகக் காட்டி ஊரை அழ வைத்த பிறகுதான். டெலிவிஷனைக் கேலி செய்கிற வக்கீல்கள் இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொண்டால் நல்லது.

இன்னொன்று. விசாரித்தவரே நீதிபதியாக உட்காரலாமா என்று சிரிக்கிறோமே, அந்த வழக்குகளில் பெரும்பாலானவற்றில் பணம் போயிற்று என்று பிராது கொடுத்ததும், புலன் விசாரித்ததும், வழக்கை நடத்தியதும் ஒரே தபால் இலாகாதான். இருபத்து மூன்றாம் நூற்றாண்டுக்குப் போக வேண்டியதே இல்லை.

ஆகவே 'கோர்ட் மார்ஷல்' கதையில் நம்ப முடியாதது கோர்ட்டின் லட்சணம் அல்ல. கோர்ட்டு யந்திரத்தை நம்பியதும் அல்ல. அது அச்சாக நடக்கக்கூடியது. பின்னே எதை நம்ப முடியவில்லை? கப்பலில் ஸ்பாக் கம்ப்யூட்டரோடு சதுரங்கம் ஆடுகிறார். அதற்கு ஆட்டம் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். ஆகையால் அவர் ஜெயிக்கவே கூடாது. திரும்பத் திரும்ப ஜெயிக்கிறார். உடனே, யந்திரத்தில் யாரோ கை வைத்துவிட்டார்கள் என்று தெரிந்துவிடுகிறது. செத்துப்போனதாகச் சொன்ன ஃபின்னியே பழைய பகைக்காகப் பதிவைத் திருத்திவிட்டுக் கப்பலுக்குள் ஒளிந்திருக்கிறார்! அப்புறம் ஒரு குஸ்தி. பொழுது சாய்வதற்குள் நியாயம் கிடைத்துவிடுகிறது. காக்லி கேட்ட கேள்வி என்ன ஆயிற்று? அந்தரத்தில் நிற்கிறது. யந்திரம் பொய் சொல்லவில்லை, ஒரு கெட்ட மனிதன்தான் அதைப் பொய் சொல்ல வைத்தான் என்று கதாசிரியர் நம்மை நிம்மதியாக வீட்டுக்கு அனுப்பிவைக்கிறார். இங்கிலாந்துத் தபால்காரர்களுக்குச் சதுரங்கம் ஆடிக் கண்டுபிடிக்க ஒரு ஸ்பாக் கிடைக்கவில்லை. கெட்டவன் ஒருவன் கப்பலுக்குள் ஒளிந்திருக்கவும் இல்லை.

அன்று மத்தியானம் நாங்கள் பார்த்த கதைக்கு வருகிறேன். 'தி மெஷர் ஆஃப் எ மேன்' என்று பெயர். 'ஸ்டார் ட்ரெக்' இரண்டாம் தொடரில் 1989 பிப்ரவரியில் வந்தது. எழுதியவர் மெலிண்டா ஸ்னாட்கிராஸ். இந்த அம்மாள் கதை எழுத வருமுன் வக்கீலாக இருந்தவர் என்று நண்பரிடம் சொன்னேன். "அப்படியானால் தொழிலை விட்டது நல்லதுதான்" என்றார்.

வழக்கு இதுதான். டேட்டா என்ற இயந்திர மனிதன் கப்பலில் அதிகாரி. அவனைப் போல ஆயிரம் பேரைச் செய்வதற்காக அவனைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்கிறார் மேடாக்ஸ் என்ற விஞ்ஞானி. 'உமக்கு இன்னும் அந்த ஞானம் போதாது' என்று மறுத்து, டேட்டா ராஜினாமா எழுதிக் கொடுக்கிறான். ராஜினாமா செய்ய அவன் யார்? மேஜை ராஜினாமா செய்யுமா? அவன் அரசாங்கத்தின் சொத்து என்கிறார் மேடாக்ஸ். நீதிபதி லூவ்வா புதிதாக அலுவலகம் திறந்திருக்கிறார், சிப்பந்திகள் இல்லை. ஆகவே கப்பல் தலைவர் பிகார்டே டேட்டாவுக்கு வக்கீல். அவருக்கு அடுத்த அதிகாரியும் டேட்டாவின் நண்பனுமான ரைக்கர் எதிர்த்தரப்பில் நிற்க வேண்டும். மாட்டேன் என்றால், அல்லது நின்றும் மனம் வைக்காமல் வாதாடினால், விசாரணையே இல்லாமல் அவன் சொத்து என்று தீர்ப்பு எழுதிவிடுவேன் என்கிறார் நீதிபதி.

நண்பர் சிரித்தது இங்கேதான். நான் கைதட்டுவதும் இங்கேதான்.

ஒரு கோர்ட்டுக் காட்சி கெட்டுப்போவது எங்கே? எதிர்க்கட்சி வக்கீல் அயோக்கியனாகவோ அசடாகவோ இருக்கும்போது. அப்போது தீர்ப்பு முதல் நிமிஷத்திலேயே நமக்குத் தெரிந்துவிடுகிறது, மிச்சமெல்லாம் ஜோடனை. ரைக்கர் அயோக்கியன் அல்ல, தோற்கவே ஆசைப்படுகிறவன். ஆனால் வேண்டுமென்று தோற்றால் நண்பன் செத்தான். ஆகவே முழு மூச்சோடு வாதாட வேண்டியிருக்கிறது. இரவில் டேட்டாவின் உடல் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவன், அவனை நிறுத்திவைக்கும் விசை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்ததும், வழக்குக் கிடைத்துவிட்டதே என்று ஒரு கணம் முகம் மலர்கிறான். அடுத்த கணம் மலர்ச்சி கருகுகிறது. கெட்டிக்கார வக்கீலின் சந்தோஷமும் நண்பனின் துக்கமும் ஒரே முகத்தில்! மறுநாள் கோர்ட்டில் டேட்டாவின் கையைக் கழற்றி மேஜைமேல் வைக்கிறான். விசையைத் தட்டுகிறான். டேட்டா அறுந்த பொம்மையாகச் சாய்கிறான். அதற்கு என்ன பதில் சொல்வது? பிகார்டுக்கே தெரியவில்லை, ஓய்வு கேட்டு வெளியே போய்விடுகிறார். அந்த நிமிஷத்தில் வழக்கு தோற்றுவிட்டது என்றே நினைத்தேன். நண்பரும் சிரிப்பை நிறுத்தியிருந்தார். அதை அவர் ஒப்புக்கொள்ள மாட்டார்.

பிகார்ட் திரும்பி வந்து கேட்பது, ஒருவனைச் சொத்து என்றால் அவனைப் போலச் செய்யப்போகும் ஆயிரம் பேரை என்னவென்று சொல்வது, அடிமை என்றுதானே என்பது. நீதிபதியின் தீர்ப்போ இன்னும் அடக்கமானது. இவனுக்கு ஆத்மா உண்டா என்று எனக்குத் தெரியாது, எனக்கே உண்டா என்றும் தெரியாது; அதைத் தேடிக்கொள்ளும் சுதந்திரம் அவனுக்கு உண்டு. 'எனக்குத் தெரியாது' என்று நீதிபதி சொல்வதை டெலிவிஷனில் நான் அதிகம் கேட்டதில்லை.

"யந்திரத்துக்குக் கோர்ட்டில் என்ன ஓய் அந்தஸ்து?" என்றார் நண்பர்.

"கல்லுக்கு என்ன அந்தஸ்து?" என்று திருப்பிக் கேட்டேன்.

வக்கீலுக்குத் தெரியாததல்ல. கல்கத்தாவில் ஒரு குடும்பத்தில் குல தெய்வத்தின் விக்கிரகத்தை முறை வைத்து வீடு வீடாக எடுத்துப் போய்ப் பூஜிப்பதில் தகராறு வந்தது. 1925இல் பிரிவி கவுன்ஸில், அந்தத் தெய்வம் சட்டத்தின் முன் ஒரு நபர், தான் எங்கே இருப்பது என்பதில் அதன் சித்தமும் மதிக்கப்பட வேண்டும் என்றது. டேட்டா கேட்டதும் அவ்வளவே: நான் எங்கே இருப்பது என்று என்னையும் கேளுங்கள். இன்னும் பக்கத்தில் வேண்டுமானால் தஞ்சைச் சீமைக்கே வரலாம். பத்தூரில் 1976இல் மண்ணுக்கடியிலிருந்து கிடைத்த நடராஜர் கடல் கடந்து லண்டன் போய்ச் சேர்ந்தார். கனடாக் கம்பெனி ஒன்று 1982இல் அவரை விலைக்கு வாங்கியது. அவரை மீட்க நடந்த வழக்கில், இடிந்து கிடந்த பத்தூர்க் கோயிலே ஒரு தரப்பு. அப்படிக் கோயில் வழக்காடலாம் என்று லண்டன் அப்பீல் கோர்ட் 1991இல் ஒப்புக்கொண்டது. அதே வருஷம் நடராஜர் ஊர் திரும்பினார். செங்கல் இடிபாடு லண்டனில் வழக்காடி ஜெயித்ததை ஜீரணிக்கிற நமக்கு, தன் வாயால் பேசி, சீட்டாடி, ராஜினாமா எழுதுகிற ஒருவன் வழக்காடுவதுதானா தொண்டையில் சிக்குகிறது?

நண்பர் சும்மா இருப்பாரா? "கோயிலுக்குத் தர்மகர்த்தா மாதிரி ஒருத்தன் வந்து பேசினான். விக்கிரகத்துக்காகவும் வேறு ஒருத்தர்தான் பேசணும்னு அதே தீர்ப்பில் இருக்கிறது. உம்முடைய டேட்டா தானே பேசுகிறான். அது வேறே கேள்வி" என்றார். நல்ல ஆட்சேபணை. அதற்குப் பதில் என்னிடம் இல்லை. ஆனால் கோர்ட்டுக் காட்சி நம்பும்படி இல்லை என்று சொன்னவர் இப்போது வழக்கின் உள்ளேயே நின்று வாதாடிக்கொண்டிருந்தார்.

ஒரு விஷயத்தில் அவர் பக்கம் நான் சேர்ந்துகொள்கிறேன். "அப்பீல் உண்டா?" என்று கேட்டார். கிடையாது. ஒரே ஒரு நீதிபதி, ஆள் இல்லாத அலுவலகம், முக்கால் மணி நேரத்துக் கதை. ஓர் இனமே அடிமையா சுதந்திரனா என்று தீர்ந்துவிடுகிறது. தோற்றவர்கள் மேல்கோர்ட்டுக்குப் போகவில்லை. வாய்தா கேட்பாரும் இல்லை. இதைத்தான் என்னால் நம்ப முடியவில்லை. அமெரிக்காவில் டிரெட் ஸ்காட் என்ற நீக்ரோ அடிமை, தனக்கும் தன் மனைவிக்கும் விடுதலை கேட்டு செயின்ட் லூயி நகரக் கோர்ட்டில் வழக்குப் போட்டது 1846இல். அடுத்த வருஷம், ஒரு சாட்சி நேரில் அறியாததைக் கேள்விப்பட்டுச் சொன்னான் என்பதால் தோற்றார். 1850இல் ஜெயித்தார். 1852இல் மாகாண மேல்கோர்ட் அதைக் கவிழ்த்தது. 1857இல் சுப்ரீம் கோர்ட் ஏழு பேருக்கு இரண்டு பேராக, கறுப்பர்கள் பிரஜைகளே அல்ல, அவருக்கு வழக்காடவே உரிமையில்லை என்று கதவைச் சாத்தியது. பதினோரு வருஷம்! 'இவன் சொத்தா, மனிதனா' என்ற கேள்விக்கு உலகத்துக் கோர்ட்டு எடுத்துக்கொண்ட காலம் அது. சொன்ன பதில் அது. நடைமுறை தப்பாக இருக்கிறது என்று சிரிக்கிறவர்கள், இந்தக் கால அளவைக் கண்டு ஏன் சிரிக்கவில்லை? சினிமாவும் டெலிவிஷனும் அதற்கு நம்மைப் பழக்கிவிட்டன. கோர்ட்டு என்றால் உண்மை ஓடி வரும் இடம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். வாய்தாவுக்கு அலைந்த குடியானவனைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வான்.

முன்தீர்ப்பு என்பதும் அங்கே இல்லை. 2001இல் 'வாயேஜர்' என்ற தொடரில் 'ஆதர், ஆதர்' என்று ஒரு கதை. ஒளியால் ஆன வைத்தியர் ஒருவர் நவீனம் எழுதுகிறார். பதிப்பாளர் திருத்தாத பிரதியை அவரைக் கேட்காமலே வெளியிட்டுவிடுகிறார். ஒளி உருவத்துக்கு என்ன உரிமை என்பது பதிப்பாளர் கட்சி. (உடம்போடு இருக்கிற ஆசிரியர்களுக்கே இது நடக்கிறது; என் முதல் நாவலின் கடைசி அத்தியாயம் எனக்குத் தெரியாமல் எப்படிக் காணாமல் போயிற்று என்பது தனிக் கதை.) டேட்டாவின் வழக்கை அங்கே யாராவது மேற்கோள் காட்ட வேண்டாமா? பேச்சுக்குக் கூட வரவில்லை. கட்டுக் கட்டாகப் பழைய தீர்ப்புக்களைச் சுமந்த என் நண்பருக்கு இது பொறுக்குமா? ஆனால் தீர்ப்பு நன்றாக இருக்கிறது. இவர் நபரா என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் இவர் ஆசிரியர்தான் என்று நடுவர் கையைச் சுருக்கிக்கொள்கிறார். நிஜக் கோர்ட்டுகள் அப்படித்தான், கேட்ட கேள்விக்குக் குறைவாகவே பதில் சொல்லும். கடைசிக் காட்சியில் அந்த வைத்தியரைப் போலவே உருக்கொண்ட மற்ற ஒளி மனிதர்கள் சுரங்கத்தில் உழைத்துக்கொண்டே இருக்கிறார்கள். ஒருவர் இன்னொருவரிடம் அந்த நாவலைச் சிபாரிசு செய்கிறார். ஒரு தீர்ப்பு எத்தனை பேரைத் தொடாமல் போகிறது என்று காட்டிய காட்சி.

நடைமுறையில் எல்லாவற்றையும் விட மோசமான கோர்ட்டு 2007 மார்ச்சில் 'பேட்டில்ஸ்டார் கலாக்டிகா' தொடரில் வந்தது. யந்திரங்களால் அழிக்கப்பட்ட ஜாதியில் மிஞ்சியது சுமார் 41,000 பேர், கப்பல்களில் அலைகிறார்கள். எதிரிகளின் ஆக்கிரமிப்பில் பொம்மை ராஷ்டிரபதியாக இருந்த பால்டார்மேல் துரோகக் குற்றம். ஐந்து கப்பல் தலைவர்கள் நீதிபதிகள். அவர்களில் ஒருவர் சேனாதிபதி அடாமா. எதிர்த்தரப்பில் லாம்ப்கின் என்ற வக்கீலுக்குத் துணை வக்கீல் அதே அடாமாவின் மகன் லீ. போதாததற்கு லாம்ப்கின் தன் துணை வக்கீலையே சாட்சிக் கூண்டில் ஏற்றுகிறார்! மகன் சாட்சி சொல்ல, தகப்பன் மேடையில் உட்கார்ந்து கேட்கிறான். நண்பரிடம் இதைச் சொன்னபோது நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஆனாலும் நான் பார்த்த விஞ்ஞானக் கோர்ட்டுகளில் இதைவிட நம்பும்படியானது கிடையாது. சட்ட புஸ்தகமும் எரிந்துபோன உலகத்தில், இருக்கிற ஆட்களைக் கொண்டு கட்டிய கோர்ட்டு அது. உறவுக்காரர்களை விலக்கினால் ஆட்களே மிஞ்சமாட்டார்கள். லீ கூண்டில் நின்று சொல்வது பால்டார் யோக்கியன் என்று அல்ல. ரகசியமாகக் கூடி ஆட்களைக் கொன்றவர்கள், ஆட்சியைக் கவிழ்க்கப் பார்த்தவர்கள், ஏன் நான்கூட, எல்லோருமே மன்னிக்கப்பட்டுவிட்டோம். நம் வெட்கத்தையெல்லாம் இந்த ஒருவன் தலையில் ஏற்றி வெளியே தள்ளப் பார்க்கிறோம் என்கிறான். மூன்றுக்கு இரண்டாகக் குற்றமில்லை என்று தீர்ப்பு. அந்த மூன்றில் ஒன்று தகப்பனுடையது. மகனுக்காக அல்ல; வழக்கு நிரூபிக்கப்படவில்லை, அவ்வளவுதான். சபை கொதிக்கிறது. ராஷ்டிரபதி ரோஸ்லின் அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. விடுதலையான பால்டாருக்குப் போக இடமில்லை. தீர்ப்பு வந்த பிறகு எல்லோருடைய நிலைமையும் முன்னைவிடச் சங்கடமாக இருக்கிறது.

இதெல்லாம் பேசி முடிக்க விளக்கு வைக்கும் நேரம் ஆகிவிட்டது. நண்பர் எழுந்து செருப்பைத் தேடினார். பேரன் டேட்டாவின் கதையில் கடைசிக் காட்சியை மறுபடி போட்டான். தன்னை எதிர்த்து வாதாடியதற்காக வெட்கி ஒதுங்கி உட்கார்ந்திருக்கும் ரைக்கரைத் தேடி டேட்டா வருகிறான். நீ வாதாட மறுத்திருந்தால் நான் இல்லை, உன்னைக் காயப்படுத்திய காரியம்தான் என்னைக் காப்பாற்றியது என்கிறான். நண்பர் ஒரு காலில் செருப்போடு நின்று அதை முழுக்கப் பார்த்தார்.

"நான் சின்னவனாக இருந்தபோது ஒரு தடவை..." என்று ஆரம்பித்தவர், சொல்லாமல் நிறுத்திக்கொண்டார். வாசல் வரைக்கும் போய்த் திரும்பி, "அது இருக்கட்டும், செலவுத்தொகை யார் தலையில் போட்டார்கள்?" என்றார்.